வயல் மூலையில் வைத்த அமானிதம்

அனுப்புநர்:
முனீஃப் ஹம்சே (ஊரார் அழைப்பது அபு நஸீப்),
உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி,
குளிர்கிடங்குச் சாலை, தல் சுமாக்.

பெறுநர்:
உயர்திரு வட்டார ஆளுநர் அவர்கள்,
மேற்குப் பள்ளத்தாக்கு வட்டாரம்.

பொருள்: என் வயலில், திருப்பித் தர வேண்டிய அமானிதமாக வைக்கப்பட்டிருக்கும் ஹாஜா வத்ஃபா அம்மையாரின் உடலை நகராட்சி வரும் திங்கட்கிழமை தோண்டி எடுக்கும் முன், அவருடைய சொந்த ஊரான கஃபர் சஃப்சாஃபுக்குக் கொண்டுசெல்ல அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த திங்கட்கிழமை எங்கள் நகராட்சி ஆட்கள் என் வயலுக்கு வந்தார்கள். வடக்கு மூலையில் இருக்கும் ஒரே ஒரு கபுரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்; வேலிக்கம்பியில் ஓர் அறிவிப்பைக் கட்டிவிட்டுப் போனார்கள். அனுமதியின்றிப் புதைக்கப்பட்ட அந்த உடல் அடுத்த திங்கட்கிழமை காலை அகற்றப்பட்டு, பொது மயானத்தின் கூட்டுக் குழியில் நிரந்தரமாக அடக்கப்படும் என்கிறது அறிவிப்பு. இன்று வியாழன். நாளை ஒரு நாள்தான் தங்கள் அலுவலகம் திறந்திருக்கும். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

2. கபுரில் இருப்பவர் எனக்கு உறவல்ல. போரின்போது, காரின் கூரையில் மெத்தையைக் கட்டிக்கொண்டு தெற்கிலிருந்து வந்த ஜனங்களில் ஒருவர். புகையிலை பயிரிட்டவர், கணவரை இழந்தவர். எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தன்னார்வலர்கள் திறந்து அவர்களைத் தங்க வைத்தார்கள். அந்தக் குழுவை நடத்தியவள் நிவீன், வடக்குக் கடற்கரை நகரத்திலிருந்து சம்பளமில்லாமல் வந்த செவிலிப் பெண். நான் கிழங்கு கொடுத்தேன். வகுப்பறைகளைக் குடும்பம் குடும்பமாகத் தடுத்துக்கொள்ளச் சாக்கும் கொடுத்தேன். என்னைத் தர்மப் பிரபு என்று தாங்கள் எண்ணிவிட வேண்டாம். ஏற்றுமதி நின்றுபோய்ச் சரக்கு முளைவிட்டுக் கிடந்தது. அழுகுவதைவிட அடுப்பில் ஏறட்டும் என்றுதான் கொடுத்தேன்.

3. அந்தக் கிழங்கைக் கையில் எடுத்துப் பார்த்த ஹாஜா வத்ஃபா, அத்தனை பேர் நடுவில், "அபு நஸீப், இது கிழங்கா, இல்ல உங்க மலையை ஒடச்சு மூட்டை கட்டிட்டீங்களா? எங்க ஊர்க் கழுதை இதை மோந்து பாத்துட்டு, உங்களையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடும்" என்றார். கழுதை வண்டியில் கிழங்கு விற்றுத் தொடங்கியவன் நான். இன்று சந்தையில் என் சரக்கைக் குறை சொல்ல ஆள் கிடையாது. மறுநாள் நல்ல கிழங்காகப் பார்த்து அனுப்பினேன். அதற்குள் பள்ளிக்கூடச் சமையலறை அவர் கைக்குப் போயிருந்தது. நிவீன் பருப்புச் சோற்றுக்கு வெங்காயத்தை வெளுப்பாக வதக்கினால், "வெங்காயம் கறுக்கணும்டி பொண்ணே! நோயாளிக்குக் கஞ்சியா காய்ச்சுற?" என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். ஊரைப் பற்றி யார் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "வீடு போனா போவட்டும். எங்க வீட்டுக்காரரு கபுரு பக்கத்துல எனக்கு எடம் விட்டு வச்சிருக்கு. அங்க போய்ப் படுத்தாப் போதும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

4. குண்டுச் சத்தம் ஓயாத ஒரு காலையில், மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நிவீன் நெஞ்சை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்தாள். அவருக்கு இதய மாத்திரை தேடி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போயிருந்த மகள் இன்சாஃப், பாலம் உடைந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். காலை முழுவதும் தொலைபேசி போகவில்லை. எங்கள் மையவாடியில் அடக்கம் உள்ளூர்க் குடும்பங்களுக்கு மட்டுமே என்று அதன் பொறுப்பாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். வெளியே கூட்டம் கூடினால், மேலே பறந்துகொண்டிருப்பவன் என்ன நினைத்து எதைப் போடுவானோ என்ற பயம் வேறு. நகராட்சிக்கு நானே போனேன். வாயிலில் பூட்டு. எழுத்தர் குடும்பத்தோடு மலைக்குப் போய்விட்டிருந்தார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எனக்கு மலையில் வீடிருந்தால் நானும் போயிருப்பேன். அனுமதி ஏன் வாங்கவில்லை என்று அறிவிப்பில் கேட்டிருக்கிறார்கள். பதில் இதுதான்: கேட்க நான் போனேன், கொடுக்க ஆள் இல்லை.

5. அதன் பிறகுதான் என் வயலைக் காட்டினேன். உடலைக் குளிப்பாட்ட நிவீனுக்குத் தைரியம் வரவில்லை. வயலுக்குப் பின்னால் கூடாரங்களில் இருக்கும் கஸ்னா வந்தாள். எல்லைக்கு அப்பால் நடந்த முந்தைய போரில் வந்து சேர்ந்தவள். என்னிடம் கிழங்கு தரம் பிரிக்கிறாள். நிவீனை ஒதுக்கிவிட்டு, "தள்ளிக்க தங்கச்சி. தண்ணிய இன்னும் கொஞ்சம் சுட வையி. அவங்களுக்குக் குளிரும்" என்றாள். உடலைச் சுற்றும் கஃபன் துணிக்குத் தன்னார்வலர்களின் புது விரிப்புகள்.

எங்கள் பக்கத்தில் பெட்டி கிடையாது. நேரே மண்ணில் வைப்போம். ஆனால் வயலில் அப்போதுதான் தண்ணீர் கட்டியிருந்தேன். ஈர மண்ணில் கிழங்கையே வெறுமனே வைக்க மாட்டேன். ஒரு மனுஷியை வைப்பேனா? விதைக்கிழங்குப் பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகையில் ஆள் நீளத்துக்கு ஒரு பெட்டி அடித்தேன். குழியில் இறக்கியாயிற்று. மண் தள்ளும் முன் வாய் சும்மா இருக்கவில்லை. கிடங்கில் பிறர் சரக்கை வாங்கி வைக்கும்போது ஒரு வார்த்தை சொல்லி வைப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தில் சொன்னேன்: "ஹாஜா, நீங்க இங்க விருந்தாளி. இது உங்க எடம் இல்ல. ரோடு தெறந்ததும் உங்களை உங்க வீட்டுக்காரர் பக்கத்துல எறக்கி விடுறது என் பொறுப்பு. மண்ணே, அதுவரைக்கும் பத்திரம்."

6. மாலையில் இன்சாஃப் ஆற்றைச் சுற்றி வந்து சேர்ந்தார். அழுவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி: "அமானிதம்னு சொல்லித்தானே வச்சீங்க?" எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

தெற்கத்தி ஜனங்களின் வழக்கம் தாங்கள் அறியாததல்ல. ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாதபோது, உடலைப் பெட்டியில் வைத்து, 'இது உன்னிடம் அமானிதம், திரும்ப வாங்கிக்கொள்வோம்' என்று மண்ணிடம் சொல்லி ஒப்படைப்பார்கள். சொல்லி வைத்தால் மண் திருப்பித் தரும். சொல்லாமல் மூடிவிட்டால் அதுவே கடைசி வீடு. அதைத் திறப்பது அவர்களுக்குப் பாவம். வடக்கத்திப் பெண் நிவீனுக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது, கஸ்னாவுக்கும் தெரியாது. உதவி செய்யப் போய் ஒரு தாயை அந்நிய மண்ணில் பூட்டிவிட்டோமோ என்று நிவீன் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதுன்னா? எங்கம்மா என்ன ஒத்தச் செருப்பா, கெடச்ச எடத்துல மண்ணத் தள்ளி மூட?" என்றார் இன்சாஃப்.

அப்போது கஸ்னாதான், "இருங்க, இருங்க. அபு நஸீப் என்னமோ சொன்னாரே. சரக்கு எறக்குறப்ப சொல்ற மாதிரி" என்றாள். இன்சாஃப் தன் ஊர் ஷேக்கைத் தொலைபேசியில் பிடித்தார். அவரும் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாகத் தங்கியிருந்தார். கூட்டாமல் குறைக்காமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். பெட்டி உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். வார்த்தை மண் தள்ளுவதற்கு முன்னா பின்னா என்று கேட்டார். முன் என்றேன். பிறகு சொன்னார்: "பேச்சு ஒண்ணும் அழகா இல்ல, அபு நஸீப். சந்தைக்காரன் வாய். ஆனா அமானிதம் அமானிதம்தான். இனி அது உங்க கழுத்துல."

இன்சாஃப் அப்போதுதான் அழுதார்.

7. போர் நின்றது. சாலை திறந்தது. இன்சாஃப் ஊர் போய்ப் பார்த்தார். வீடு இருந்த இடத்தில் கல்லும் கம்பியும். மையவாடிச் சுவர் விழுந்திருக்கிறது. ஆனால் தந்தையின் பக்கத்து இடம் அப்படியே இருக்கிறது. அந்த இடிபாட்டருகே கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்.

உடலைக் கொண்டுசெல்ல முறைப்படி அனுமதி கேட்டு நகராட்சிக்குப் போனேன். மலையிலிருந்து திரும்பியிருந்த எழுத்தர், "எடுத்துட்டுப் போக அனுமதி கேக்குறீங்க, சரி. மொதல்ல பொதச்சதுக்கு அனுமதி எங்க?" என்றார். சுகாதார அலுவலகத்தில் நகராட்சிக் கடிதம் கேட்டார்கள். சோதனைச்சாவடியில் தங்கள் கையெழுத்தைக் கேட்டார்கள். தங்கள் அலுவலக வாயிலில் சுகாதாரச் சான்றிதழைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செக்குமாடுகூட ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் எண்ணெயாவது காண்கிறது, ஐயா. நான் கண்டது வேலியில் தொங்கும் அந்த அறிவிப்பை. ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன்: நான் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் அங்கே ஒரு கபுர் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இரவோடிரவாகக் கிழங்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போ என்று சொன்னவர்களும் உண்டு. ஹாஜா வத்ஃபாவைத் திருட்டுச் சரக்குபோல் ஊர் கொண்டுசேர்க்க எனக்கு மனமில்லை. அந்த நேர்மைதான் அவரை இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறது.

8. திங்கட்கிழமை என்ன நடக்கும் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். கூட்டுக் குழியில் யார் மேல் யார் என்று தெரியாமல் வைத்து, மேலே சிமெண்டுப் பலகை போடுவார்கள். அமானிதம் என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. நகராட்சி அதை நிரந்தர அடக்கம் என்றே எழுதிவிட்டது. அதன்பின் அதைத் திறக்க முடியாது என்று ஷேக் சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை தாங்களே மனமிரங்கிக் கையெழுத்துப் போட்டாலும் வீண்தான்.

அறிவிப்பு வந்ததிலிருந்து கஸ்னா கிழங்குக் குவியலைக் கபுருக்குப் பக்கத்தில் கொட்டிக்கொண்டு, அங்கே உட்கார்ந்துதான் தரம் பிரிக்கிறாள். "மெஷின் வந்தா என் மேல ஏறித்தான் போவணும்" என்கிறாள். அவளிடம் செல்லுபடியாகும் தங்கும் சீட்டு இல்லை. முதலில் பிடித்துக்கொண்டு போவது அவளைத்தான். அது அவளுக்கும் தெரியும். நிவீன் விடுப்பெடுத்துக்கொண்டு நேற்று வந்துவிட்டாள், புது வெள்ளைத் துணியோடு.

இன்சாஃப் தினமும் மதியம் அழைக்கிறார். நலம் விசாரிப்பதில்லை. "அம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்கிறார். "இருக்காங்க" என்கிறேன். உடனே வைத்துவிடுகிறார். திங்கட்கிழமை மதியமும் அந்த அழைப்பு வரும். நான் என்ன சொல்லட்டும், ஐயா?

9. நான் கேட்பது இவ்வளவே. திங்கட்கிழமை வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சிக்குத் தாங்கள் ஒரு வரி எழுத வேண்டும். உடலைக் கொண்டுசெல்லும் அனுமதியில் நாளைக்குள் கையெழுத்திட வேண்டும். என் லாரியோடு வரும் நிவீனையும் கஸ்னாவையும் சோதனைச்சாவடிகள் போக ஒரு நாள், வர ஒரு நாள் விட வேண்டும். கஸ்னா வராமல் பெட்டியைத் திறந்து உடலை ஊர் மண்ணில் இறக்க இன்சாஃப் சம்மதிக்க மாட்டார்: "எங்கம்மாவைக் குளிப்பாட்டின கை வேணும்" என்கிறார். அனுமதியின்றிப் புதைத்ததற்கு வழக்கு உண்டென்றால் என் மேல் போடுங்கள். வயல் என்னுடையது, பலகை என்னுடையது, வார்த்தையும் என்னுடையது. அந்தப் பெண்கள் இருவரும் இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், அவ்வளவுதான்.

லாரியைக் கழுவி வைத்திருக்கிறேன். நாளை காலை தங்கள் அலுவலகம் திறக்கும்போது வாயிலில் நிற்பேன். கையெழுத்து இல்லாமல் திரும்புவதாக இல்லை. விரட்டினால் சாலையின் எதிர்ப்பக்கம் நிற்பேன்.

கபுரருகே மண்ணோடு பேசி முடித்த நிபந்தனையையும் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். பேசியது நான், சாட்சி நிவீனும் கஸ்னாவும். சாலை திறக்கும் வரை மண் வைத்திருக்கும். திறந்ததும் மறுபேச்சில்லாமல் திருப்பித் தரும். இடத்துக்கு வாடகை கிடையாது. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் என்னுடையவை. இறக்கும் இடம்: கஃபர் சஃப்சாஃப் மையவாடி, அவர் கணவரின் பக்கத்தில்.

இடம்: தல் சுமாக்
நாள்: 20 பிப்ரவரி, வியாழன்

(கையொப்பம்)
முனீஃப் ஹம்சே