கீழ்த்தளத்தில் தண்ணீர்

என்னங்க,

நேற்றைய மழையில் நம் வீட்டுக் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். பம்பு வைத்து இறைத்து முடித்தவர், பிள்ளையின் அறையில் கட்டிலைப் பார்த்துவிட்டு, "பையன் வெளியூர்லயாம்மா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல?

அவன் கண்மூடியதிலிருந்து அவன் தலையணை உறையை நான் துவைக்கவே இல்லை. அதற்காகத்தானே நமக்குள் அத்தனை சண்டை. இப்போது சாக்கடைத் தண்ணீரே துவைத்துவிட்டது. முகத்தில் அழுத்திப் பார்த்தேன். சேற்று வாடைதான் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எல்லாவற்றையும் நானே தெருவில் கொண்டுபோய் வைத்தேன். குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போனது.

அந்த அறையைக் காலி செய்யாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று போனீர்கள். காலியாகிவிட்டது. ஈரச் சுவர் மட்டும்தான் நிற்கிறது. வெள்ளையடிக்க வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனசில்லை. நீங்களே வாங்க.

உங்கள் வீட்டுக்காரி