நீ நம்பிய தேற்றம் பொய்யானது, சேவியர்

என் பிரியமுள்ள சேவியர்,

நம் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. ஆனால் நீ நினைத்த மாதிரி முடியவில்லை, மச்சான்.

அடையாறு ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் நீ போர்வை மேல் விரலால் வட்டங்களும் அம்புகளும் வரைந்துகொண்டிருந்தாய். வட்டம், எழுத்தெழுத்தாகப் படித்து நகரும் நம் கற்பனை இயந்திரமான தானியங்கியின் ஒரு நிலை. அம்பு அது படிக்கும் எழுத்து. ஒரே எழுத்துக்கு இரண்டு அம்புகள் கிளம்பினால் எந்தப் பக்கம் போவதென்று அது ஊகிக்க வேண்டும். ஊகத்துக்கே இடமில்லாமல் மாற்றி எழுதினால் நிலைகள் கட்டுக்கடங்காமல் பெருகக்கூடும். வட்டங்களும் அம்புகளும் சேர்ந்த அந்தக் கோட்டுரு எவ்வளவு சிக்கலானது என்று அளக்க நாம் ஓர் அகலம் வகுத்திருந்தோம். அகலம் சிறிதானால் நிலைகள் பெருகாது என்பது உன் நம்பிக்கை.

"நெஜமாத்தான் இருக்கும்ல, மாப்ள?"

"இருக்கும்டா" என்றேன். நானும் அதைத்தான் நம்பினேன்.

நீ போன பிறகும் நிரூபணத்தில் ஓர் ஓட்டை மட்டும் அடைபடவில்லை. அதை அடைக்கப் போய், தேற்றத்தையே பொய்யாக்கும் ஒரு வகைத் தானியங்கியைக் கண்டுபிடித்துவிட்டேன். அகலம் சின்னதுதான், நிலைகளோ இரண்டு, நாலு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகின்றன. என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். நீ இருந்திருந்தால், "போடா, ஓட்டை எங்க கீதுன்னு நான் காட்றேன்" என்று பாய்ந்திருப்பாய். இனி என்னோடு யார் சண்டை போடுவார்கள்?

உன் தங்கை மேரியிடம்தான் முதலில் சொன்னேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா, மூஞ்சி இப்டி கீது?"

"உங்கண்ணன் சொன்னது தப்புன்னு வந்துடுச்சு, மேரி. கட்டுரையில அவன் பேரைப் போடறதா வேணாமான்னு தெரியல."

ஈரக்கையோடு என் பக்கம் திரும்பினாள். "தப்போ ரைட்டோ, அவன் கேட்டதுதானே? அவன் கேக்காம நீ அதுகிட்டயே போயிருக்க மாட்ட. பேரை எடுத்தா அவன் இல்லவே இல்லன்ற மாதிரி ஆயிடும்."

அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உன்னை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அழவில்லை.

உன் பெயரைத்தான் முதலில் போட்டேன். கட்டுரையை அனுப்பியபோது மாநாட்டுக்காரர்கள் நம் இருவரின் மின்னஞ்சல் முகவரியும் கேட்டார்கள். உன் பழைய முகவரியையே கொடுத்தேன். கட்டுரை ஏற்கப்பட்ட செய்தி உனக்கும் வந்திருக்கும். யார் திறந்து பார்ப்பது?

அடுத்த மாதம் மாநாட்டில் அதைப் படிக்க நான் தனியாக மேடையேற வேண்டும். உன் கேள்வியிலிருந்துதான் தொடங்குவேன். நீ எதை நம்பினாய், ஏன் நம்பினாய் என்று முழுசாகச் சொல்வேன். கேட்பவர்களும் கொஞ்ச நேரம் அதை நம்பட்டும். அதற்கப்புறம்தான் பதிலைச் சொல்வேன், சேவியர்.

உன் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை,
ரகு