பலகையின் வலது பாதி

இடைவேளை மணி அடித்ததும் எனக்கும் சேர்த்து முறுக்கு வாங்க ஓடிய என் மச்சான் ஏழுமலைக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதுவரை நான் கடிதம் எழுதியது என் மாமனாருக்கும் கரண்ட் ஆபீசுக்கும் மட்டும்தான். இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்ததில்லை. அதனால் பதில் வராத இடத்துக்கு எழுதுவது எனக்குப் பழக்கம்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பலகை இன்னும் இருக்கிறது. செங்கம் ரோட்டில் உன் சைக்கிள் கடை வாசலில், நீ அடித்த அதே ஆணியில் தொங்குகிறது. கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டாமா?

"சைக்கிள் வாடகைக்கு" என்று எழுதத்தானே அந்தக் கரும்பலகையை வாங்கினாய்? வாங்கின வாரமே அதில் நாம் சினிமாவுக்குத் தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை வந்த படத்தைச் சனிக்கிழமை பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடுவே ஒரு கோடு. இடது பாதி எனக்கு, வலது பாதி உனக்கு, ஆளுக்கு ஒரு வரி. படம் முடிந்து திரையில் வணக்கம் போடும்வரை உட்கார்ந்திருந்தவன்தான் எழுதலாம். ஒரு பாதி காலியாக இருந்தால் அது தீர்ப்பே இல்லை. பத்தாவதை இரண்டு முறை எழுதிய லாட்ஜ் மேனேஜர் நானும் எட்டாவதோடு நின்ற சைக்கிள் கடைக்காரன் நீயும் சேர்ந்து போட்ட சட்டம். ஊரே அதை மதித்தது என்றால் ஊரின் நிலைமையைப் பார்த்துக்கொள்.

ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரம்மா ஒருவர் சைக்கிள் எடுக்க வந்து, பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "டெய்லி உபதேசம்" என்றாய் நீ. அன்றைக்கு இருந்தது உன் வரி: "இடைவேளையோடு எழுந்துவிடுவது உத்தமம்." அந்தம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நம் யோக்கியதையும் ஊருக்குத் தெரியும். ஒரே பிரிண்ட்டை இரண்டு தியேட்டரில் ஓட்டிய காலம். ரீல் பெட்டி உன் கடை சைக்கிளில்தான் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் வழியில் பங்சர். பெட்டி வந்து சேர்ந்த அவசரத்தில் ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். கதாநாயகனின் தம்பி செத்தான், மாலை போட்டார்கள், அடுத்த காட்சியில் அவனே பைக்கில் வந்து இறங்கி இட்லி கேட்டான். நீ என் தொடையில் தட்டி, "மச்சான், இதான்டா புது மாதிரி. செத்தவன எல்லாரும் நினைச்சுப் பாக்கறாங்க" என்றாய். நானும் நம்பினேன். "இறந்தவர் திரும்பி வரும் விதம் அருமை" என்று நான் எழுத, "படித்தவர்களுக்கான படம்" என்று நீ எழுதினாய்.

திங்கட்கிழமை விஷயம் வெளியே வந்து தெருவே சிரித்தது. நீ அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே "தவறு எங்களுடையது. பங்சரும் எங்களுடையது. படம் சுமார்" என்று எழுதி ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தாய். அன்றைக்குத்தான் எனக்கு உன்மேல் மரியாதையே வந்தது.

இப்போது வருகிற படங்களைப் பற்றிக் கேட்கிறாயா? அரிவாள் நீளமாகிக்கொண்டே போகிறது, கதை கம்மியாகிக்கொண்டே போகிறது. டாடா சுமோ நான்கு வராமல் வில்லன் வருவதில்லை. கதாநாயகன் ஒரு பெண்ணை அறைகிறான், அடுத்த காட்சியில் அந்தப் பெண் அவனோடு பனிமலையில் மெல்லிய சேலையில் ஆடுகிறாள். இவனுக்கு மட்டும் கம்பளிச் சட்டை. என் மகள் அதை டிவியில் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்குக் குளிராதாப்பா?" என்றாள். இருபது வருடமாகப் படம் பார்க்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த செய்தி உனக்குப் பிடிக்காது. நான் சீரியல் பார்க்கிறேன்.

"அழுகைக்கு எதுக்குடா தீர்ப்பு?" என்று சொல்லிச் சொல்லியே சீரியலைப் பலகைக்குப் பக்கத்தில்கூட விடமாட்டாய். உண்டு, குறைகள் ஜாஸ்தி. இருபது பேர் இருக்கிற வீட்டில் ஒருவரும் பாத்திரம் தேய்ப்பதில்லை. பட்டுப்புடவையோடு படுத்து, வைத்த பூ வாடாமல் எழுந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அடிக்கிற போனை வியாழக்கிழமைதான் எடுக்கிறார்கள். ஆனால் வியாழக்கிழமைவரை நானும் உட்கார்ந்திருக்கிறேனே, அதற்கு என்ன சொல்கிறாய்?

சினிமாவில் பாட்டுக்கு மட்டும் வாய் திறக்கிற பொம்பளை, சீரியலில் கம்பெனி நடத்துகிறாள், புருஷனை எதிர்த்துக் கேள்வி கேட்கிறாள். அப்போதெல்லாம் என் வீட்டுக்காரி முதுகை நிமிர்த்தி உட்காருகிறாள். அந்த நேரம் பார்த்து நான் தண்ணீர் கேட்டேன். "குடம் அங்கதான் இருக்குது, உங்களுக்கும் கை இருக்குது" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. சீரியல் குடும்பத்தைக் கெடுக்கும் என்று நீ சொன்னாய். ஆமாம், என்னைக் கெடுத்துவிட்டது. நானே மொண்டு குடிக்கிறேன். அதனால் உன் சட்டத்தை ஒரு இடத்தில் மீறப் போகிறேன். இனிமேல் சீரியலுக்கும் பலகையில் இடம் உண்டு.

சரி, நடந்ததற்கு வருகிறேன். போன மாதம் பெரிய நடிகர் ஒருவரின் படம் வந்தது. நீ இல்லாமல் நான் தனியாகப் போன முதல் படம். இடைவேளையில் பழக்கதோஷத்தில் வலது பக்கம் திரும்பி, "எப்படிடா?" என்று கேட்டுவிட்டேன். யாரோ ஒருத்தர், "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சீட் தள்ளி உட்கார்ந்தார். கடைசிவரை இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது பாதியில் எழுதினேன்: "கதாநாயகன் நாற்பது பேரை அடிக்கிறார். நாற்பத்தோராவது ஆள் நான்."

வலது பாதியில் நீ கடைசியாக எழுதியது அப்படியே இருந்தது. "பாட்டு நன்று. கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவும்." உன் கடையை இப்போது நடத்துகிற மல்லிகா மழை வந்தால் அதன்மேல் பிளாஸ்டிக் பை கட்டிவிடுவாள். உன் பெண்டாட்டி வேறு எதையும் அப்படிப் பொத்தி வைத்து நான் பார்த்ததில்லை. நானும் அந்தப் பாதியைத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்து நின்றார்கள். தலைவன் ஆட்டோ ஓட்டுகிற குமார். மல்லிகா ஆள் விட்டுச் சொன்னதும் லாட்ஜிலிருந்து ஓடினேன்.

"இன்னா சார், தலைவர் படத்தப் பத்தி இப்படி எழுதி வச்சிருக்கீங்க?"

"பாத்தேன், எழுதினேன். நீ எத்தினி வாட்டி பாத்த?"

"ஆறு வாட்டி."

"தூங்காமயா?"

கூட வந்ததில் ஒருவன் சிரித்துவிட்டான். குமார் சிரிக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் இருந்தாதான் தீர்ப்புனு நீங்க போட்ட சட்டம்தான சார்? வலது பக்கம் இருக்கறது வேற படம். எழுதறதுக்கு அவரும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு பலகை? நீங்களே கழட்டிடுங்க. பசங்க கோவத்துல ஏதாவது பண்ணிட்டா நான் பொறுப்பில்ல."

மச்சான், நம் சட்டத்தை வைத்தே என்னை மடக்கிவிட்டான். வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தேன். கல் விழுந்தால் என் தலையில் விழாது, மல்லிகாவின் பிழைப்பில்தான் விழும். என் வாய்க்கொழுப்புக்கு அவள் ஏன் கஷ்டப்பட வேண்டும்? என் வரியை அழிக்கத் துணியை எடுத்துவிட்டேன். திட்டாதே. எடுத்தேன், அவ்வளவுதான்.

தண்ணீர்த் தொட்டியில் டியூபை முக்கிப் பங்சர் பார்த்துக்கொண்டிருந்த மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, துணிய வைங்க."

"வேணாம்மா, விடு."

"நானும் பாத்தேன் அந்தப் படத்த. சனிக்கிழமை மேட்னி, அண்ணிகூட. வணக்கம் போடற வரைக்கும் உக்காந்திருந்தோம்."

என் வீட்டுக்காரி படத்துக்குப் போனதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

மல்லிகா வலது பாதிக்கு முன்னால் நின்றாள். பிறகு முந்தானையால் உன் வரியை அழித்தாள். ஒரே இழுப்பில் போகவில்லை, நீ அழுத்தி எழுதுகிறவன். சாக்பீஸை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: "அந்த அம்மாவை யாராவது உட்காரச் சொல்லுங்கள்."

அந்தப் படத்தில் மூச்சுக்கு மூச்சு அம்மா அம்மா என்கிறான் கதாநாயகன். அந்த அம்மாவோ முதல் ரீலிலிருந்து கடைசி ரீல்வரை நின்றுகொண்டே இருக்கிறாள். வாசலில் நிற்கிறாள், அடுப்படியில் நிற்கிறாள், ஆஸ்பத்திரியில் நிற்கிறாள். ஒருத்தன் ஒரு ஸ்டூல் போடவில்லை. நான் கவனிக்கவில்லை. நீயும் கவனித்திருக்க மாட்டாய்.

குமார் இரண்டு முறை படித்தான். சிரித்த பையன், "ஆமாண்ணா, உக்காரவே இல்ல" என்றான்.

"நீ சும்மா இர்றா" என்று சொல்லிவிட்டுக் குமார் ஆட்டோவில் ஏறினான். கிளம்பும்போது, "அடுத்த படத்துக்காவது நல்லதா எழுதுக்கா" என்றான்.

"நல்லா இருந்தா எழுதறேன் தம்பி" என்றாள் மல்லிகா.

முந்தானையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை அன்றைக்குச் சாயங்காலம்வரை அவள் தட்டவில்லை.

மச்சான், இது சத்தியம். மன்றம் வந்தாலும் மாநாடே வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தப் பலகையில் நடுக்கோடு விழும். எவ்வளவு மோசமான படமானாலும் வணக்கம் போடும்வரை உட்கார்ந்திருந்துதான் எழுதுவோம். தப்பாக எழுதினால் அழிக்காமல் கீழேயே ஒத்துக்கொள்வோம். ஒருவேளை எங்காவது ரீல் மாறி நீ பைக்கில் வந்து இறங்கினால், வலது பாதி காலியில்லை. கீழே ஓரமாக உனக்கு ஒரு வரி இடம் கேட்டுப் பார்க்கிறேன். மல்லிகா ஒத்துக்கொள்ள வேண்டும்.

இடது பாதிக்காரன்,
மல்லிகாவுக்கு அண்ணன், உனக்கு எப்போதும் மச்சான்,
பச்சையப்பன்