மேடைக்குக் கேட்ட அழுகை

16 டிசம்பர் 2006, சனி

பழவேற்காடு ஏரித் தண்ணீரைப் பற்றிய என் ஆய்வை இன்று கவரைப்பேட்டைக் கல்லூரிக் கருத்தரங்கில் ஒருவழியாகப் பேசி முடித்தேன். கைக்குழந்தையோடு எப்படிப் போவது என்று நேற்றுவரை தயங்கினேன். இவர்தான், “பேஜார் ஆவாத ஜமீலா. கடைய மூடிட்டு வரேன். புள்ளய வச்சிக்கினு வெளிய இருக்கேன்” என்றார்.

பேச ஆரம்பித்ததுமே வராந்தாவிலிருந்து ஆயிஷாவின் அழுகை கேட்டது. பசி அழுகை. எனக்கு வாய் குழறியது, மார்பு கனத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அமர்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியர் எழுந்து வந்தார். இறங்கச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“உங்க குழந்தையாம்மா? என் ரூமைத் திறந்து விடச் சொல்றேன். பசியாத்திட்டு வாங்க. அதுவரைக்கும் அடுத்தவர் பேசட்டும். நீங்க வந்து முதல்லேர்ந்து ஆரம்பிங்க.”

திரும்பி வந்து முழுவதும் பேசினேன். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன்.

பஸ்ஸில் இவர், “பெங்களூர்ல இதே மாரி மூணு நாளு கருத்தரங்கு ஒண்ணு இருக்குதுன்னியே, அது எப்ப?” என்றார். அத்தனை நாள் கடையை மூட முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மார்ச்சில் என்று மட்டும் சொன்னேன்.