துணிச்சுருளுக்குள் இருந்த குழாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். போனில் என்றால் மழை பெய்ததா என்று நான் கேட்பேன், பெய்தது என்று நீ சொல்வாய், வைத்துவிடுவோம், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, அடைத்துவிட்டேன். அம்மா தையலை மறுபடி ஆரம்பித்துவிட்டாள், தைக்கிறாள், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான். உன் தம்பி போய் ஏழு மாதம் ஆகிறது, எனக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை, மரத்துப்போன கால் மாதிரி, ஊன்றினால் ஊன்றுகிறது, உணர்வுதான் இல்லை.

இப்போது ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். அவனுடைய வாள் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னாய், போட்டாயிற்று என்றேன். போடவில்லை. நீ லீவில் வரும்போது மாறுவேடப் போட்டிக்கு ஆளுக்கொரு ஒளிரும் வாளோடு போவதாக நீங்கள் இரண்டு பேரும் போட்ட திட்டம் அப்படியே அதில் கிடக்கிறது. ஒரு ஆணிகூட நேராக அடிக்கத் தெரியாதவன், பிவிசி பைப்பை அறுத்து இரண்டு கைப்பிடி செய்திருக்கிறான், இரண்டும் கோணல். அவன் போன அன்று காலை, வாளின் அலகுக்கு வேண்டிய குழாய் வாங்கியாகிவிட்டதா என்று நீ போனில் கேட்டு அனுப்பினாய், அதற்காகத்தான் அவன் பைக்கை எடுத்தான் என்று ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

போன வாரம் கை சும்மா இருக்கிறதே என்று பெட்டியைத் திறந்தேன். முப்பது வருஷம் வீடு வீடாக ஒயர் இழுத்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். வாளுக்குள் எரிய வேண்டிய எல்இடி விளக்குப் பட்டையை சர்க்யூட்டோடு பற்றவைத்தேன், பேட்டரியைப் போட்டேன், எரியவில்லை. பிரித்தேன், மறுபடி பற்றவைத்தேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், எரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா மிஷினை நிறுத்திவிட்டு வந்து பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். வெல்வெட் துணி மாதிரி இதுக்கும் ஒரு போக்கு இருக்கு, அம்பெல்லாம் உங்க ஒயரைப் பாத்து வருது, ஒயர்லேந்துதானே போகணும் என்றாள். குட்டிக் குட்டியாக அம்புக்குறி போட்டிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. வீட்டு பல்புக்கு ஒயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் எரியும், அந்தப் பழக்கம். பட்டையின் மறுமுனையில் பற்றவைத்ததும் நீலமாகக் கடகடவென்று ஓடி எரிந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவும் பார்த்துவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

அங்கே மூலையில் சாய்த்து வைத்திருக்கும் லைனிங் துணிச்சுருளை வெட்டுவதற்காக எடுத்தவள், இது ஏன் கனக்கிறது என்று பிரித்தாள். உள்ளே பால் வெள்ளையில் பிளாஸ்டிக் குழாய், ஒன்றல்ல, இரண்டு. கீறல் விழாமல் இருக்கத் துணிக்குள் சொருகியிருக்கிறான். கூடவே கடை ரசீது. தேதி அந்த வாரம் செவ்வாய்க்கிழமை. அவன் போனது வியாழக்கிழமை. நன்றாகப் படித்துக்கொள் மகளே, நீ கேட்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவன் வாங்கிவிட்டான். குழாய்க்காக அவன் போகவில்லை.

பின்னே எதற்குப் போனான் என்று என்னால் சும்மா இருக்க முடியவில்லை, தெருவில் கடை கடையாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் தெருக்கோடியில் முடிவெட்டும் கடைக்காரரிடம் விசாரித்தேன். அவர் முதலில் சொல்லத் தயங்கினார். "இங்கதான் சார் வந்தான். அப்பா ஒரு வாரமா நச்சரிக்கிறாரு, இன்னிக்கு வெட்டாம போனா வீட்டுக்குள்ள விடமாட்டாருன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னான்" என்றார். வெட்டிக்கொண்டு திரும்பும்போதுதான் அந்த லாரி. நான்தான் அன்று காலை, பரட்டைத் தலையோடு என் முன்னால் வராதே என்று சொன்னேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், அவர் கதவைப் பாதி சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு மாதத்துக்குச் சேர்த்து அங்கேதான் அழுதேன். மரத்த காலில் மரப்பு விடும்போது எப்படி வலிக்கும் என்று உனக்குத் தெரியுமே.

இதைப் படித்ததும் நீ போனை எடுத்து, அப்பா அதுல உங்க தப்பு என்ன இருக்கு, முடி வெட்டச் சொல்லாத அப்பா உண்டா என்பாய். சொல்லு, எனக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்குச் சொல்வதற்கு முன்னால் அதையே ஒரு தடவை உனக்குச் சொல்லிக்கொள்.

அம்மாவிடம் கடைக்காரர் சொன்னதை நானே சொல்லிவிட்டேன். அவள் என் விரல் புண்ணுக்கு மருந்து போட்டுவிட்டாள். நன்றாக இரு, உன் மனசு லேசாகட்டும். அவன் வாளை முடித்துவிட்டேன். உன்னுடையதைத் தொடவில்லை, கைப்பிடியும் குழாயும் இங்கே இருக்கின்றன, நீயே வந்து செய். மறக்காதே, அம்புக்குறி கைப்பிடியிலிருந்து நுனியைப் பார்த்துப் போக வேண்டும்.

இப்படிக்கு,
தலையைத் தடவிக்கொடுக்கும்
உன் அப்பா