தட்டில் இருந்த நெஞ்சுக்கறி

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழையால் மேய்ச்சல் மலைக்கு ஒரு வாரம் தாமதமாகத்தான் ஏறினோம். பதினோரு குதிரைகள் பால் தருகின்றன. சின்னவள் தனியாகக் குதிரை ஏறுகிறாள். இரண்டு முறை விழுந்தாள், அழவில்லை.

மாஸ்கோவிலிருந்து வந்த உங்கள் நண்பர் அசில்பெக், நீங்கள் கொடுத்தனுப்பிய போட்டோவை நேற்று மதியம் கொண்டுவந்தார். "அண்ணி, ரூம் பசங்க எல்லாரும் சேர்ந்து ஆடு வெட்டினோம். அண்ணன் எப்படிப் பளபளன்னு இருக்காரு பாருங்க!" என்றார். பார்த்தேன். சட்டை புதிது. இஸ்திரி போட்டது யார் என்று கேட்கவில்லை.

உங்களுக்கு எதிரே வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு ஒரு பெரியவர் சிரிக்கிறாரே, அவரும் ரூம் பையன்தானா? "இவர் யாரு?" என்றேன். அசில்பெக்குக்குக் குடித்துக்கொண்டிருந்த குதிரைப்பால் புரையேறிவிட்டது.

உங்கள் அம்மா போட்டோவை வாங்கினார். உங்கள் முகத்தைவிட உங்கள் தட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு, "பால் கறக்க நேரமாச்சு" என்று கூடாரத்தை விட்டு வெளியே போனார். அப்போதுதான் கறந்து முடித்திருந்தோம்.

நானும் தட்டைப் பார்த்தேன். நெஞ்சுக்கறி. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் அப்பா தன் கையால் உங்கள் முன் வைத்த அதே துண்டு. விருந்துக்கு வந்த ஆண்களில் வீட்டு மருமகனுக்குத்தான் அதை வைப்பார்கள் என்பது சின்னவளுக்குக்கூடத் தெரியும்.

நான் எதுவும் கேட்கப்போவதில்லை. மலையிலிருந்து இறங்கியதும் என் அப்பா ஆடு வெட்டுவார். நெஞ்சுக்கறியை உங்களுக்கு எடுத்துவைக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வீட்டிலேயே இருப்பவள்