அப்பா படுத்திருந்த கம்பளியில் ஒரு கூடு

மேல் மேய்ச்சல், ஆட்-பாஷி மலை
ஆகஸ்ட் 9, 1974

என் கண்ணே பெர்மெட்,

லெனின்கிராட் ஈரக்காற்றில் உன் நெஞ்சுச் சளி திரும்பாமல் இருக்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இங்கே நானும் உன் சித்தப்பா சாதிர் வீட்டாரும் நலம், ஆடுகளும் நலம், புல் இந்த வருஷம் முழங்கால் உயரம். உன் கடிதம் கூட்டுப்பண்ணை லாரியில் வந்தது. அப்பா பிடித்து அனுப்பிய சிவப்புவால் மலைத்தேனீ புது இனம், அதற்கு அவர் பெயரையே வைக்கிறேன், கட்டுரை அக்டோபரில் அச்சாகிவிடும் என்று எழுதியிருந்தாய். கூடாரம் கூடாரமாகப் போய் அதைப் படித்துக் காட்டினேன், பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே நான்தான் இப்போது சொல்கிறேன், அந்தப் பெயரை வைக்காதே மகளே. ஏன் என்று முழுவதும் படி.

அப்பா உயிர் போன கம்பளியை நம் வழக்கப்படி ஒரு வருஷம் யாரும் தொடவில்லை. போன வருஷம் ஜூனில் மந்தையை மேலே ஏற்றும்போது நடுச்சரிவில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அந்தக் கல்பட்டியிலேயே அது சுருட்டியபடி கிடந்தது. ஆண்டு விருந்துக்கு முன் அதை எடுத்து, அவர் உடலைக் குளிப்பாட்டிய சாதிருக்குக் கொடுக்க வேண்டும். ஜூலை நடுவில் நானும் சாதிரும் போனோம். சுருளைத் தொட்டதும் உள்ளே ஏதோ உறுமியது. எலி கிழித்துப் பஞ்சாக்கிய இடத்தில் அந்தக் குண்டுத் தேனீக்கள் மெழுகுக் கிண்ணம் கட்டிக் குடியிருந்தன. எல்லோருக்கும் தெரிந்த பழைய இனம், வெள்ளை வால் தேனீ ஒன்று வெளியே வந்தது, பின்னாலேயே சிவப்பு வால் ஒன்று வந்தது. இரண்டும் வேறு வேறு இனம் என்றுதானே அப்பா நினைத்திருந்தார். சாதிர் சும்மா இருப்பானா, "ஒரு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன், கடைசியில என் கம்பளிய தேனீக்குக் குடக்கூலிக்கு விட்டுட்டீங்களே அண்ணி" என்றான்.

நீ அவசரப்பட்டு மறுக்காதே, நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும். இன்னொரு இனத்தின் கூட்டில் புகுந்து ஓசியில் வாழும் தேனீயும் உண்டு, அதற்குப் பின்காலில் மகரந்தம் சுமக்கும் குழி இருக்காது என்று அப்பாவே எனக்குக் காட்டியிருக்கிறார். அதனால் நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வாலும் மகரந்தத்தைச் சுமந்துகொண்டுதான் உள்ளே போயின. அதுவும் போதாது என்று, ஒன்றோடொன்று ஒட்டியிருந்த மூன்று கூட்டுப்புழு உறைகளை எடுத்துத் தேயிலை டப்பாவில் வைத்து அடுப்போரம் சூடு குறையாமல் வைத்திருந்தேன். மூன்றும் நரைத்த நிறத்தில் வெளியே வந்தன, மறுநாள் ரோமத்தில் நிறம் ஏறியது. இரண்டு சிவப்பு, ஒன்று வெள்ளை. ஒரு தாய்க்குப் பிறந்தவை, சிவப்பு வால் தனி இனமே இல்லை.

அப்பா எங்கே தவறினார் என்று யோசித்து யோசித்து இப்போதுதான் புரிகிறது. வசந்தத்தில் நாம் கீழ் முகாமில் இருப்போம், அங்கே வெள்ளை வால்தான். கோடையில் மேலே, அங்கே சிவப்புதான். நடுச்சரிவில் தண்ணீர் இல்லை என்று ஒரே நாளில் மந்தையை ஓட்டிக்கொண்டு கடந்துவிடுவோம், அங்கே எந்த வருஷம் அவர் வலையை விரித்தார்? இரண்டும் கலந்திருக்கும் இடம் அதுதான். ஒரு வயிற்றில் கறுப்புக் குட்டியும் வெள்ளைக் குட்டியும் பிறப்பதைப் பார்த்தே வளர்ந்தவர், எண்ணூறு ஆட்டில் எந்தக் குட்டிக்கு எது தாய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மனுஷன், தேனீயிடம் மட்டும் வாலைப் பார்த்து ஏமாந்துவிட்டார். உயிரோடு இருந்தால் இதைச் சொல்லியே ஒரு குளிர்காலம் முழுக்க அவரைக் கேலி செய்திருப்பேன். இப்போது சிரிக்க வரவில்லை.

விருந்தில் ஊரே அந்தத் தேனீ பெயரைத்தான் பேசியது. சாதிர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தேனீக்கு வாயா இருக்கு அண்ணி? நீங்க சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போவுது? செத்தவருக்கு ஒரு பேர் கெடைக்கட்டுமே" என்றான், கண் கலங்கியிருந்தது. எனக்கும் அந்த ஆசை இல்லாமலா? இரண்டு வாரம் இந்தக் கடிதத்தை எழுதாமல் தள்ளிப்போட்டேன், அந்தக் குற்றத்தையும் உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தேகம் இருந்த தேனீயை அவர் ஒருநாளும் ஊசியில் குத்தி அனுப்பியதில்லை. பொய்யின் மேல் அவர் பெயரை எப்படி எழுத விடுவேன்?

அந்த மூன்றையும் அவர் தேனீயைக் கொல்லும் ஜாடியிலேயே போட்டு, அவர் ஊசியாலேயே குத்தி, காலி உறைகளோடு அனுப்புகிறேன். குத்தும்போது அழுதேன். சீட்டில் அவர் எழுதுவதைப் போலவே மூன்று வரி எழுதியிருக்கிறேன்: நடுச்சரிவு கல்பட்டி, இஷேன்பெக்கின் கம்பளியில் ஒரே கூடு. ஜூலை 24. எடுத்தது அவர் மனைவி. கூட்டைக் கலைக்கவில்லை, பனி விழுந்து தேனீக்கள் அடங்கிய பிறகு கம்பளியை எடுத்துக்கொள்கிறேன் என்று சாதிரே சொல்லிவிட்டான்.

உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், உன் பெரியவர்கள் உன்னைக் கோபிக்காமல் இருக்கட்டும், உன் தலைக்கு வரும் கெடுதல் மலைக்கு அந்தப்பக்கம் போகட்டும். பெட்டியில் காய்ந்த தயிர் உருண்டையும் வைத்திருக்கிறேன், தேனீயை முதலில் எடு. அழ வேண்டுமானால் அழுதுவிட்டுக் கட்டுரையைத் திருத்து. திருத்திய பிறகும் அதன் கீழே நீ பெர்மெட் இஷேன்பெகோவா என்றுதானே கையெழுத்துப் போடப்போகிறாய். அவர் பெயர் அங்கே இருக்கும், எனக்கு அது போதும்.

உன் அம்மா,
சோனுன்